வீடு நிறைய ஆட்கள் இருக்க, பிள்ளை பெற்றவள் ஏன் அழுகிறாள்?

மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருக்கிறார். தங்கைக்கு முதல் பிள்ளை பிறந்து 24 நாள். கடைசி நேரத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்து எடுத்தார்களாம். கணவர் கட்டாரில். அம்மா கூடவே இருந்து பார்க்கிறார். ஆனால் தங்கை பிள்ளையை மடியில் வாங்கியதும் அழுகிறாள், பிள்ளை தூங்கினாலும் இவளுக்கு நித்திரை இல்லை. "இது என்ட பிள்ளை மாதிரியே தெரியல்ல" என்று ஒரு நாள் சொல்லியும் இருக்கிறாள். அம்மா கண்ணூறு என்று நூல் கட்டியிருக்கிறார். "அவளுக்கு என்ன குறை, ராணி மாதிரிப் பார்க்கிறம்" என்கிறாராம். இது வருத்தமா, அதாவது ஒரு நோயா, மருந்து எடுத்தால் பால் கொடுக்கலாமா, யாரிடம் கொண்டுபோவது என்பவைதான் கேள்விகள்.

வருத்தம்தான், மகள். மருந்து எடுத்துக்கொண்டே பால் கொடுக்கலாம். கொண்டுபோக வேண்டிய இடமும் எட்டாத் தூரத்தில் இல்லை. இந்த மூன்றையும் முதலில் சொல்லிவிட்டேன், மிச்சத்தை ஆறுதலாக வாசியுங்கள். நான் டாக்டர் இல்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்கே படுவான்கரையிலும் கிழக்கே எழுவான்கரையிலுமாக 30 வருடம் குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது ஊரார் சொல்கிற மிட்வைஃப் மிஸ்ஸாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள்.

அம்மா சொன்ன வார்த்தையிலிருந்து தொடங்குகிறேன். "அவளுக்கு என்ன குறை" என்பதை நான் நூறு வீட்டு வாசலில் கேட்டிருப்பேன். அதைச் சொல்கிற தாய்மார் பொய் சொல்வதில்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தமிழரிலும் அப்படித்தான், காத்தான்குடி, ஏறாவூர், அக்கரைப்பற்று முஸ்லிம் சனத்திலும் அப்படித்தான். வீடும் வளவும் சீதனமாக மகளின் பெயருக்கு எழுதப்படுகிறது, தாய் அதே வளவிலோ அடுத்த வளவிலோ இருக்கிறார். மற்ற ஊர்களில் தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போய், பிறகு மாமியார் வீட்டுக்குத் திரும்புகிற பாடு இங்கே இல்லை. பிள்ளை பெற்றவளுக்குக் காயம் என்கிற பத்தியச் சரக்கு அரைக்க ஒருவர், வேது பிடிக்க ஒருவர், பால் சுரக்கச் சுறா வறை ஆக்க ஒருவர் என்று கை நிறைய ஆட்கள். இது எங்களுக்குக் கிடைத்த பெரும் கொடுப்பினை என்றே இப்போதும் நினைக்கிறேன்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மாமியார் வீட்டில் இருக்கிறவள் மனம் நொந்தால் தாயிடம் சொல்லி அழலாம். தாயே இரவு பகலாக நின்று பார்க்கிற இடத்தில், அவள் யாரிடம் போய் "எனக்குச் சந்தோசமாக இல்லை" என்று சொல்வாள்? அந்த வீட்டைக் கட்டத் தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போயிருப்பார், அல்லது லோன் எடுத்து இன்னும் கட்டிக்கொண்டிருப்பார். இவ்வளவும் செய்த அம்மாவுக்கு முன்னால் அழுதால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன் என்று மகள் நினைக்கிறாள். அதனால் வாய் மூடிவிடுகிறது, கண்ணீர் மட்டும் வருகிறது. உங்கள் தங்கை உங்களிடம் அந்த ஒரு வசனத்தைச் சொன்னாளே, அது பெரிய காரியம். அதைக் கேட்டு நீங்கள் அதிர்ச்சி காட்டியிருந்தாலும் பரவாயில்லை, திரும்பப் போய் உட்காருங்கள்.

நானே தவறவிட்ட ஒரு வீட்டைச் சொல்கிறேன். வெல்லாவெளிப் பக்கம், மாரி காலம். பிள்ளைக்கு 18 நாள். தொங்கு தராசில் நிறுத்தேன், பிறந்த நிறையைத் தாண்டி நன்றாகக் கூடியிருந்தது. கிழவிக்கு வாயெல்லாம் பல். அம்மியில் அரைபட்ட மிளகும் மல்லியும் வாசம் வீசியது. பிள்ளை பெற்றவள் திண்ணையில் இருந்தாள். பக்கத்தில் தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை கட்டியிருந்தது. சட்டைக் கொக்கி ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. இதெல்லாம் என் கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. பதிவேட்டில் நிறையைக் குறித்துவிட்டு எழும்பிவிட்டேன். கடப்படி தாண்டிய பிறகுதான் குடையை விட்டு வந்தது நினைவு வந்தது. திரும்பிப் போனால், பிள்ளை ஏணைத் தொட்டிலில் கிடந்து வீரிட்டு அழுகிறது. அவள் ஒரு முழம் தள்ளி, இரண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டு பார்த்தபடி நிற்கிறாள்.

"தூக்கன் புள்ள" என்றேன்.

"தூக்கினா கீழ போட்டுடுவன் போல இரிக்கி மிஸ்" என்றாள்.

அன்றைக்குத்தான் முதல் தரமாக "நீ எப்பிடிகா இரிக்காய்?" என்று அவளைக் கேட்டேன். அதுவரை நான் கேட்டதெல்லாம் பால் குடிக்கிறதா, தொப்புள் விழுந்ததா, தையல் ஆறிவிட்டதா என்பவைதான். குடை மறந்திராவிட்டால் அதையும் கேட்டிருக்க மாட்டேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது என்னை உறுத்துகிறது.

அவள் சொன்னது போன்ற எண்ணம் பல தாய்மாருக்கு வரும். பிள்ளை கையிலிருந்து விழுந்துவிடும், கத்தி பட்டுவிடும், கிணற்றுக்குள் போய்விடும் என்று படம் போல மனதில் ஓடும். அந்த எண்ணத்தைக் கண்டு அவளே நடுங்கினால், அதனால் பிள்ளையைத் தொடவே பயந்தால், அது பதற்றத்தின் அடையாளம். பிள்ளைக்குத் தீங்கு செய்ய ஆசைப்படுகிறாள் என்று அர்த்தம் இல்லை. இதை வெளியே சொன்னால் பிள்ளையைப் பறித்துவிடுவார்கள் என்று பயந்து பலர் உள்ளேயே புதைத்து வைக்கிறார்கள். "இப்படி எண்ணம் வருகிறதா, நிறையப் பேருக்கு வரும்" என்று நீங்களே எடுத்துக் கொடுத்தால் அவளுக்கு மூச்சு வரும்.

இப்போது நாள் கணக்கு. பிள்ளை பிறந்து மூன்றாம் நான்காம் நாளில், பால் இறங்குகிற நேரத்தில், பாதிக்கு மேற்பட்ட தாய்மாருக்குக் காரணம் இல்லாமல் அழுகை வரும். கர்ப்பத்தில் ஏறி நின்ற ஹோர்மோன்கள் சட்டென்று இறங்குவதும், நித்திரை கெடுவதும் அதற்குக் காரணங்கள். இரண்டு கிழமைக்குள் தானாகத் தெளிந்துவிடும், மருந்து தேவையில்லை. உங்கள் தங்கைக்கு 24 நாள். அந்தக் கணக்கைத் தாண்டிவிட்டாள். இரண்டு கிழமைக்கு மேல் நாள் முழுவதும் மனம் சோர்ந்து, பிள்ளை தூங்கும்போதும் தூங்க முடியாமல், பிள்ளையோடு ஒட்டுதல் வராமல் இருந்தால் அதைப் பிரசவத்துக்குப் பிந்திய மனச்சோர்வு என்று எடுத்துப் பார்க்க வேண்டும். இது அரிதான ஒன்று அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, வளர்முக நாடுகளில் கர்ப்பிணிகளில் 15.6 வீதமானோருக்கும், பிள்ளை பெற்ற பெண்களில் 19.8 வீதமானோருக்கும் மனநலக் கோளாறு ஒன்று வருகிறது, அதில் பெரும்பாலானது மனச்சோர்வு. கிளினிக் வாங்கில் ஐந்து தாய்மார் இருந்தால் அதில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"31க்குத் துடக்குக் கழியட்டும், பிறகு பார்ப்பம்" என்று, பிள்ளை பிறந்த தீட்டைக் கணக்கு வைத்து, அம்மா சொல்லக்கூடும். அந்த ஏழு நாளைக் காத்திருக்க வேண்டாம். மிட்வைஃப் துடக்கு வீட்டுக்கும் வருவார், வருவதுதான் அவருடைய வேலை. முதல் 10 நாளுக்குள்ளேயே இரண்டு தரமாவது வந்திருப்பார். நம்பர் பதிவேட்டில் இருக்கும், இன்றைக்கே கோல் எடுங்கள். அவரிடம் 10 கேள்வி உள்ள ஒரு தாள் இருக்கிறது. 1987இல் எடின்பரோவில் உருவாக்கியது, கடைசி 7 நாளில் மனம் எப்படி இருந்தது என்று கேட்கும். பிள்ளைக்கு ஒரு மாதம் ஆகிற அளவில் அதை நிரப்பச் சொல்வது நம் நாட்டு நடைமுறை. ஒரே ஒரு விஷயத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்: தங்கை அதை நிரப்பும்போது அம்மா, மாமி, பக்கத்து வீட்டு அக்கா ஒருவரும் அறையில் இருக்கக் கூடாது. எல்லாரும் சுற்றி நிற்க நிரப்பிய தாளில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். பத்தாவது கேள்வி தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. மொத்தப் புள்ளி எவ்வளவு குறைவாக இருந்தாலும், அதற்கு "இல்லவே இல்லை" என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பால் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் வீடுகளில் தாயின் மனதை அதிகம் உடைப்பது பால் பேச்சுத்தான். "பால் காணாது போல", "பிள்ளை பசியில கத்துது", "எனக்கெல்லாம் ஊத்தினது" என்று ஆளுக்கொரு சொல். பால் ஊறுவது ஒன்று, ஊறிய பால் இறங்கி வருவது இன்னொன்று. இறங்க வைப்பது ஒக்ஸிடோசின் என்ற ஹோர்மோன். பயம், வலி, வெட்கம், சுற்றி நாலு பேர் பார்த்துக்கொண்டு நிற்பது எல்லாம் அதைத் தடுக்கும். மார்பில் பால் இருக்கும், இறங்காது. பிள்ளை அழும், தாய் இன்னும் பதறுவாள், பால் இன்னும் தடைபடும். ஒரு நல்ல தலையணையும் சாத்திய கதவும் எத்தனையோ தாய்மாருக்குப் பால் இறங்க உதவியதை நான் பார்த்திருக்கிறேன். பால் காணுமா என்பதைப் பிள்ளையின் அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு ஆறு தரமாவது சிறுநீர் போகிறதா, பிறந்த நிறைக்கு இரண்டு கிழமைக்குள் திரும்பி அதற்கு மேல் கூடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் பால் போதும், அதைத் தங்கையிடம் வாய் விட்டுச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பிள்ளையை மடியில் வாங்கியதும் அழுகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். சில தாய்மாருக்குப் பால் இறங்குவதற்குச் சற்று முன் நெஞ்சு வெறுமையானது போல, வீட்டு நினைவு வந்தது போல, ஒரு பாரம் இறங்கும். சில விநாடியிலிருந்து சில நிமிடம் வரை இருக்கும், பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் போய்விடும். பால் இறங்கும்போது உடம்புக்குள் நடக்கும் ஹோர்மோன் மாற்றம் அது, அவள் மனம் பிள்ளையை வெறுப்பதால் வருவதில்லை. அந்தச் சில நிமிடம் மட்டும்தான் என்றால் விளக்கம் தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். உங்கள் தங்கைக்கு நித்திரையும் இல்லை, ஒட்டுதலும் இல்லை என்பதால் நான் இதோடு நிறுத்திவிட மாட்டேன். இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம்.

நித்திரை. இதற்கு டாக்டர் தேவையில்லை, வீட்டார் போதும். இரவு ஒன்பது மணிப் பாலைக் கொடுத்ததும் பிள்ளையை அம்மாவோ நீங்களோ வேறு அறைக்குக் கொண்டுபோங்கள். இடையில் ஒரு தரம் கறந்து வைத்த பாலைச் சுத்தமான கோப்பையால் கொடுக்கலாம். கறந்த பால் அறைச் சூட்டில் நாலு மணி நேரம் தாங்கும். அவளுக்கு ஒரே நீட்டாக நாலைந்து மணி நேரம் கிடைக்க வேண்டும். பகலில் துண்டு துண்டாகக் கண் மூடுவது அதற்கு ஈடாகாது. பிள்ளையை வேறு ஆள் வைத்திருந்தும் அவளால் கண் மூட முடியவில்லை என்றால், அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள், அவருக்கு அது முக்கியமான தகவல்.

ஆபரேஷனைப் பற்றியும் அவளிடம் கேளுங்கள். "சுகப்பிரசவம்" என்ற எங்கள் சொல்லே, வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுத்தவளைத் தோற்றவள் போல ஆக்கிவிடுகிறது. பல மணி நேரம் வலியில் கிடந்து, திடீரென்று பிள்ளையின் இதயத் துடிப்பு இறங்குகிறது என்று தள்ளிக்கொண்டு ஓடும்போது, சாகப் போகிறேன் என்று அவள் நினைத்திருப்பாள். பிரசவ அறையில் யாரும் கடும் சொல் சொல்லியிருந்தால் அதுவும் மனதில் நிற்கும். அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வருகிறதா, கனவில் வந்து எழுப்புகிறதா என்று கேளுங்கள். "பிள்ளை நல்லா இரிக்குதானே, அத மறந்திரு" என்று மட்டும் சொல்லாதீர்கள். முழுக்கதையையும் அவள் தன் வாயால் ஒரு தரம் சொல்லட்டும்.

கட்டாரில் இருக்கிற தம்பிக்கும் ஒரு வார்த்தை. இரவு வேலை முடிந்து வீடியோ கோல் எடுத்தால் போன் நேரே பிள்ளையின் முகத்துக்குப் போகிறது. "சிரிக்கிறானா, காட்டு, காட்டு." அவள் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிற கை மட்டும். கிழமையில் இரண்டு நாளாவது பிள்ளை தூங்கும்போது கோல் எடுத்து, கமராவை அவள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அவரிடம் இதை நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவள் சொல்ல மாட்டாள். காசு அனுப்பப் பிந்தினால் அதையும் அவரே காரணத்தோடு சொல்லட்டும். லோன்காரர் வாசலில் வந்து நிற்கிற நாளில் எந்தத் தாய்க்கும் மனம் அமைதியாக இருக்காது.

மருந்து. முதலில் டாக்டர் இரத்தம் சோதிக்கச் சொல்லக்கூடும். இரத்தச்சோகையும், பிரசவத்துக்குப் பிறகு வரும் தைரொயிட் கோளாறும் இதே மாதிரிச் சோர்வைக் காட்டும். லேசான மனச்சோர்வுக்குப் பேச்சு வழிச் சிகிச்சையும் வீட்டு உதவியும் போதலாம். குளிசை தேவை என்றால், பால் கொடுக்கிற தாய்மாருக்கு டாக்டர்மார் பெரும்பாலும் முதலில் எடுப்பது செர்ட்ராலின். பாலுக்குள் போகிற அளவு மிகக் குறைவு, பாலை நிறுத்த வேண்டியதில்லை. பால் கொடுப்பதை டாக்டரிடம் நீங்களே சொல்லுங்கள். குளிசை வேலை செய்ய இரண்டு முதல் நாலு கிழமை எடுக்கும், அதனால் ஐந்தாம் நாள் "ஒரு மாற்றமும் இல்லை" என்று தூக்கி வைக்க வேண்டாம். சுகம் வந்ததும் தானாக நிறுத்தவும் வேண்டாம், ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள். நித்திரை வர வைக்கிற மருந்து ஏதும் தந்தால், பிள்ளையை அவள் பக்கத்தில் ஒரே பாயில் படுக்க வைக்காதீர்கள். ஏற்கெனவே மனநல மருந்து எடுத்துக்கொண்டிருக்கிற ஒருத்தி கர்ப்பமானால் பயத்தில் திடீரென்று நிறுத்துவதும் தவறு, கேட்காமல் தொடர்வதும் தவறு. வல்புரோயேட் போன்ற சில மருந்துகள் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு, வேறு சிலவற்றைத் தொடரலாம். அந்தக் கிழமையே டாக்டரிடம் போக வேண்டும்.

நூலைப் பற்றி அம்மாவோடு சண்டை பிடிக்காதீர்கள். கட்டிய நூல் கையில் இருக்கட்டும், ஆள் கிளினிக்குக்கு வரட்டும். கோயிலில் தண்ணீர் தெளித்தாலும், முஸ்லிம் வீடுகளில் ஓதிப் பார்த்தாலும், மனதுக்குக் கொஞ்சம் தைரியம் கிடைத்தால் நல்லதுதான். நாளைக் கடத்துகிற இடத்தில்தான் ஆபத்து. முக்கியமாக ஒரு வருத்தத்தில் ஒரு நாள் கூடக் கடத்த முடியாது. ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள், சட்டென்று வரும். நித்திரையே இல்லாமல் களைப்பும் இல்லாமல் இருப்பாள், நிறுத்தாமல் கதைப்பாள், யாரோ பேசுவது கேட்கிறது என்பாள், பிள்ளையை மாற்றிவிட்டார்கள் என்றோ பிள்ளைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்றோ உறுதியாகச் சொல்வாள். வீட்டார் பேய் என்று பூசாரியைத் தேடிப் போவது இதற்குத்தான். "என்ட பிள்ளை மாதிரித் தெரியல்ல" என்று உங்கள் தங்கை சொன்னதும், "இது என்ட பிள்ளை இல்ல, மாத்திப் போட்டாங்க" என்று ஒருத்தி அடித்துச் சொல்வதும் வேறு வேறு. இரண்டாவது மாதிரிப் பேச்சு வந்தால் அவளையும் பிள்ளையையும் தனியே விடாமல், இரவானாலும் 1990க்கு எடுத்து அம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். சாகப் போகிறேன் என்ற பேச்சுக்கும் இதேதான். மருந்தில் நன்றாகச் சுகமாகிற வருத்தம் இது.

இது பிள்ளை பிறந்த பிறகுதான் தொடங்கும் என்றும் இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு நாவலடி, டச்பார் பக்கம் பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்த தாய்மார் அடுத்த வருடமே திரும்பக் கர்ப்பமாகிக் கிளினிக்குக்கு வந்தார்கள். பிள்ளைக்கு ஒரு துணி கூட வாங்கி வைக்க மாட்டார்கள், கேட்டால் "பிறக்கட்டும் மிஸ்" என்பார்கள். வயிற்றைத் தடவிப் பார்க்கிற கையை ஒருத்தியிடமும் காணவில்லை. முன்பு பிள்ளை இழந்தவள், முன்பு மனவருத்தம் வந்தவள், வீட்டில் அடி வாங்குகிறவள் என்றால் வயிற்றில் இருக்கும்போதே மிட்வைஃப்பிடம் சொல்லி வைக்க வேண்டும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மிட்வைஃப் வந்து பார்த்து டாக்டருக்குத் துண்டு எழுதித் தந்தால், குருமண்வெளிப் பாதையால், அதாவது மிதவைப் படகால், வாவியைக் கடந்து களுவாஞ்சிக்குடி ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம், அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. பெரிய இடம் வேண்டுமென்றால் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. இதை வாசிக்கிற கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்தார் அங்குள்ள ஆதார வைத்தியசாலைகளுக்குப் போகலாம். போகுமுன் யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 இருக்கிறது, எந்த நேரமும் எடுக்கலாம். "மனநலப் பிரிவு" என்ற பெயரைக் கேட்டு அம்மா தயங்கினால், கிளினிக் என்று மட்டும் சொல்லிக் கூட்டிப் போங்கள். டாக்டர் சொல்வதை அம்மாவும் காதால் கேட்கட்டும். அதற்கு முன் பத்து நிமிடம் தங்கை டாக்டரோடு தனியே இருக்க வேண்டும், அந்த நேரம் பிள்ளையை அம்மாவின் கையில் கொடுத்து வெளியே வாங்கில் உட்கார வையுங்கள்.

காலைப் பாலைக் கொடுத்துவிட்டுப் புறப்படுங்கள். கர்ப்பகாலப் பதிவேடு, பிள்ளையின் பதிவேடு, ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது தந்த தாள் மூன்றையும் பையில் வையுங்கள். போத்தலில் தண்ணீரும், தங்கைக்குச் சாப்பிட ஏதாவதும் எடுங்கள். பாதைப் படகில் நிற்கிறவர்கள் பிள்ளையைப் பார்க்க வந்து கூடுவார்கள். பிள்ளையை நீங்கள் வைத்துக்கொண்டு, அவளைக் காற்றுப் படுகிற பக்கமாக இருக்க விடுங்கள்.